இரைப்பை அமிலமும் மருந்தின் அளவும்: தீவகத்து நோயாளியை முன்வைத்துச் சில விளக்கங்கள்

வைத்தியசாலையின் மருந்து வழங்கும் யன்னலில் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு சிறு காகித உறை. அதன்மேல் ஒரு மருந்தின் பெயரும், 20 அல்லது 40 என்ற ஓர் எண்ணும், ‘சாப்பாட்டுக்கு முன்’ என்ற இரு சொற்களும் எழுதப்பட்டிருக்கும். வயிற்றெரிவு, நெஞ்செரிவு, இரைப்பைப் புண் ஆகியவற்றால் வருந்தி வந்தவருக்கு அவ்வுறையே மருத்துவ அறிவு முழுவதினதும் சுருக்கமாகும். ஆயின் அச்சுருக்கத்தை விரித்துப் படிக்கும் வழி அவருக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. இருபதா, நாற்பதா என்ற வினாவோடு அவர் நின்றுவிடுகிறார். எப்பொழுது, எத்தனை நாள், எதன்பொருட்டு என்ற வினாக்கள் எழாமலே போகின்றன.

மருந்தின் அளவு என்பது மில்லிகிராம் கணக்கு மட்டுமன்று. உட்கொள்ளும் நேரம், நாளொன்றுக்கான தடவை, தொடரவேண்டிய காலம், மருந்து கொடுக்கப்பட்ட நோக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அளவாகும். இவற்றுள் ஒன்று தவறினும் எண் சரியாயிருந்து பயனில்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனியொருவருக்குரிய அளவை அவரைப் பரிசோதித்த வைத்தியரே விதிக்கவேண்டும். விதிக்கப்பட்டதை விளங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. நாம் இங்கு பேசுவது அவ்வுரிமையைப் பற்றியதாகும்.

ஆராய்ச்சி அந்தரத்தில் நிற்றலாகாது. ஆதலின் ஒரு நோயாளியை மனத்தில் இருத்திக்கொள்வோம். வேலணைத் தீவிலே, வேலணைக்கும் நாரந்தனைக்கும் அயலாக உள்ள சரவணையில் வாழும் அறுபது வயதைக் கடந்த ஒரு தாய் அவர். அவர் எவரையும் குறிப்பவரல்லர். நாம் விளக்கத்துக்காக ஆக்கிக்கொண்டவர். முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் குளிசை போடுகிறார். வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராம் பெறுகிறார். வெள்ளிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கிறார். கிளினிக் நாளன்று விடியற்காலையில் பஸ் ஏறிப் பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்கிறார். இத்தாயின் ஒருநாட் பொழுதிலே மருந்தியலின் முக்கிய விதிகள் பல அடங்கியிருப்பதைப் பின்னர் காண்போம்.

அமிலம் சுரக்கும் விதம்

இரைப்பையில் ஐதரோக்குளோரிக்கமிலம் உண்டென்பதை 1824ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் வில்லியம் புரௌற் நிறுவினார். துப்பாக்கிச் சூட்டினால் வயிற்றிலே ஆறாத துவாரம் ஏற்பட்டிருந்த அலெக்சிஸ் சென். மாற்றின் என்னும் தொழிலாளியை வைத்து அமெரிக்க இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ற் நடத்திய சமிபாட்டுப் பரிசோதனைகள் 1833இல் நூலாக வெளிவந்தன. வறிய மனிதன் ஒருவனின் வயிறே அவ்வறிவியலின் முதற் பரிசோதனைக் கூடமாயிற்று என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது.

வளர்ந்த ஒருவரின் இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலீற்றர் சாற்றைச் சுரக்கின்றது. அதன் பீ.எச். பெறுமானம் 1 முதல் 2 வரையிலாகும். இவ்வளவுகோலில் ஓர் அலகு உயர்ந்தால் அமிலச்செறிவு பத்திலொன்றாகக் குறையும். இரண்டு அலகு உயர்ந்தால் நூறிலொன்றாகக் குறையும். அமிலத்தைச் சுரக்கும் கலங்களை மூன்று சைகைகள் தூண்டுகின்றன. நரம்பு முனைகளிலிருந்து வரும் அசற்றைல்கோலின் ஒன்று, காஸ்திரின் என்னும் ஓமோன் மற்றொன்று, ஹிஸ்ரமீன் மூன்றாவது. இம்மூன்று வாயில்களாலும் வரும் கட்டளை இறுதியிற் சென்றடைவது ஓரிடத்தையே. அது கலத்தின் சுவரிலுள்ள புரோத்தன் பம்பி. ஐதரசன் அயன்களை இரைப்பையினுள்ளே தள்ளும் பொறி அதுவே.

இவ்வமைப்பை விளங்கிக்கொண்டால் மருந்துகளின் வகைகளும் விளங்கிவிடும். சுரந்த அமிலத்தை நடுநிலையாக்குவன ஒருவகை. மூன்று வாயில்களுள் ஹிஸ்ரமீன் வாயிலை அடைப்பன இரண்டாவது வகை. பம்பியையே நிறுத்துவன மூன்றாவது வகை.

மூவகை மருந்துகளும் அவற்றின் அளவுகளும்

முதல்வகை மருந்துகளான அமிலநீக்கிகள் பழமையானவை. அலுமினிய ஐதரொட்சைட்டு மலத்தை இறுக்கும்; மகனீசிய ஐதரொட்சைட்டு மலத்தை இளக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்பதன் காரணம் இதுவே. வெறுவயிற்றில் எடுத்தால் இவற்றின் பயன் ஏறத்தாழ அரைமணி நேரமே நீடிக்கும், ஏனெனில் இரைப்பை அவற்றை விரைவில் வெளியேற்றிவிடும். உணவுண்டு ஒருமணி நேரத்தின் பின் எடுத்தால் அப்பயன் மூன்று மணி நேரம் வரை நிலைக்கலாம். மருந்தும் அளவும் மாறவில்லை. நேரம் மாறியதால் பயன் பன்மடங்காயிற்று.

இரண்டாவது வகையின் வரலாறு 1960களில் தொடங்குகிறது. பிரித்தானிய மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கும் அவர்தம் சகபாடிகளும் இரைப்பையிலுள்ள ஹிஸ்ரமீன் வாங்கி வேறானது என்பதை 1972இல் நிறுவினர். அதன் பயனாகச் சிமெற்றிடீன் 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதுவரை குடற்புண்ணுக்குச் சத்திரசிகிச்சையே பலருக்கு இறுதி வழியாயிருந்தது. பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். 1981இல் றனிற்றிடீனும், பின்னர் பமோற்றிடீனும் வந்தன. புண்ணுக்கு வழங்கப்பட்ட ஒருநாளளவு சிமெற்றிடீனில் 800 மில்லிகிராம், றனிற்றிடீனில் 300 மில்லிகிராம், பமோற்றிடீனில் 40 மில்லிகிராம். ஒரே வாங்கியை அடைப்பதற்கு ஒன்றில் எண்ணூறும் மற்றொன்றில் நாற்பதும் வேண்டியிருக்கிறது. றனிற்றிடீனில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதெனக் கருதப்படும் ஒரு நைத்திரோசமீன் மாசு காணப்பட்டமை 2019இல் வெளிவந்தது. 2020 ஏப்பிரலில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அதனைச் சந்தையிலிருந்து அகற்றும்படி கோரியது. வேறு பல நாடுகளும் அதனை விலக்கின. எனவே பழைய றனிற்றிடீன் உறையொன்று வீட்டில் எஞ்சியிருந்தால் அதனை எடுத்து விழுங்குதல் தகாது.

மூன்றாவது வகையின் முதல்வன் ஒமிப்பிரசோல். சுவீடனில் ஆக்கப்பட்டு 1988இல் விற்பனைக்கு வந்தது. பன்ரப்பிரசோல், லன்சப்பிரசோல், றபெப்பிரசோல், எசொமிப்பிரசோல் என்பன அதன் உறவினங்கள். இவற்றின் வழக்கமான ஒருநாளளவு ஒமிப்பிரசோலுக்கு 20 மில்லிகிராம், பன்ரப்பிரசோலுக்கு 40, லன்சப்பிரசோலுக்கு 30, றபெப்பிரசோலுக்கு 20 ஆகும்.

எண் தரும் மயக்கம்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. ஒரு மருந்து இல்லாவிடத்து அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்றைக் கொடுப்பது அத்தகைய காலங்களில் இயல்பு. நமது சரவணைத் தாய்க்கும் ஒமிப்பிரசோல் 20க்குப் பதிலாகப் பன்ரப்பிரசோல் 40 கிடைக்கிறதெனக் கொள்வோம். ‘இருபது நாற்பதாயிற்று, என் நோய் முற்றிவிட்டது’ என அவர் அஞ்சலாம். அல்லது வீரியம் கூடியதென எண்ணிப் பாதியாக உடைத்துப் போடலாம். இரண்டும் தவறாகும். பன்ரப்பிரசோலின் நாற்பது ஒமிப்பிரசோலின் இருபதை விஞ்சுவதன்று. அமிலத்தைக் குறைக்கும் ஆற்றலிற் சற்றுத் தாழ்ந்ததென்றே சொல்லலாம்.

இருவேறு மருந்துகளின் மில்லிகிராம்களை ஒப்பிடுவது இருவேறு நாடுகளின் நாணயங்களை எண்ணால் மட்டும் ஒப்பிடுவது போன்றது. நூறு ரூபாவும் நூறு பவுணும் ஒன்றல்ல. எண்ணை ஒரே மருந்தினுள் மட்டுமே ஒப்பிடல் தகும்.

அம்மருந்தினுள்ளேயும் இருமடங்கு எண் இருமடங்கு பயனைத் தருவதில்லை. பம்பிகள் ஓர் எல்லைக்குட்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை 20 மில்லிகிராமினால் நிறுத்தப்பட்டபின், 40 செய்வது எஞ்சியவற்றுக்கே. பகலில் ஒருமுறை 40 எடுப்பதைவிடக் காலையும் மாலையும் இருபது இருபதாக எடுப்பது இரவு அமிலத்தை நன்கு அடக்கும் என்பதும் இதனாலேயே.

நோக்கத்துக்கு ஏற்ற அளவு

அளவை நிருணயிப்பது நோவின் கடுமையன்று. மருந்து எதை நிறைவேற்றவேண்டும் என்பதே. முன்சிறுகுடற் புண் ஆறுவதற்கு இரைப்பையின் பீ.எச். பெறுமானம் நாளிற் பெரும்பகுதி 3க்கு மேல் இருந்தாற் போதும். அதற்கு ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராம் நாளொருமுறை நான்கு கிழமைகள் வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது. இரைப்பைப் புண் மெதுவாக ஆறுவதால் அதே 20 மில்லிகிராம் எட்டுக் கிழமைகள் வேண்டும். அமிலம் களத்தினுள் ஏறி அதன் சுவரை அரித்திருந்தால் பெறுமானம் 4க்கு மேல் நிற்கவேண்டும். அதற்கு நான்கு முதல் எட்டுக் கிழமைகள்.

புண்ணிலிருந்து குருதி பெருகுங்கால் நிலைமை முற்றிலும் வேறு. உறைந்த குருதி கரையாதிருக்க வேண்டுமாயின் பெறுமானம் 6 அளவில் நிற்றல் வேண்டும். அதற்காக வைத்தியசாலையில் நாளத்தினூடாக 80 மில்லிகிராமும், பின்னர் மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் 72 மணி நேரமும் செலுத்தும் முறை உண்டு. 1955இல் சொலிஞ்சரும் எலிசனும் விவரித்த அரிய நோயில், கட்டியொன்று காஸ்திரினை இடையறாது சுரப்பதால், நாளொன்றுக்கு 60 மில்லிகிராமில் தொடங்கி 120 வரையும் அதற்கு மேலும் வேண்டியிருக்கலாம். ஆகவே அயலவருக்கு நாற்பது கொடுத்தார்கள், எனக்கு இருபதுதான் தந்தார்கள் என்று ஒருவர் குறைப்படுவதில் பொருளில்லை.

நோக்கத்தைப் பற்றிய நமது எண்ணத்தையே மாற்றியது 1982ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பாகும். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்சல் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியாவை இனங்கண்டனர். அமிலத்தில் எவ்வுயிரும் வாழாதென அறிவுலகம் நம்பியிருந்தது. தம்மை நம்பாதவர்களுக்கு விடையாக மார்சல் 1984இல் அப்பற்றீரியாக் கரைசலைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார். இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். எலிக்கோபற்றர் பைலோரி எனப்படும் இக்கிருமி உள்ளவிடத்து ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராம், அமொக்சிசிலின் 1 கிராம், கிளரித்திரோமைசின் 500 மில்லிகிராம் ஆகியவற்றை நாளுக்கு இருமுறை 14 நாள்கள் கொடுப்பது நெடுங்காலம் வழங்கிவந்த முறையாகும். கிளரித்திரோமைசினுக்கு எதிர்ப்பு வளர்ந்த இடங்களில் பிஸ்மத்து சேர்ந்த நான்கு மருந்து முறை விரும்பப்படுகிறது. எரிவு தணிந்ததென ஐந்தாம் நாளில் இவற்றை நிறுத்துபவர் கிருமியை அழிப்பதில்லை. மருந்தை எதிர்க்க அதற்குப் பயிற்சி அளிக்கிறார்.

இங்கே அரசியற் பொருளாதார உண்மை ஒன்றும் உண்டு. ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் குளிசை வணிகத்துக்கு உவப்பானது. 1980களின் பிற்பகுதியில் உலகிலேயே மிகுதியாக விற்பனையான மருந்து றனிற்றிடீன்தான். இரண்டு கிழமையில் நோயின் வேரைக் களையலாம் என்ற செய்தி அவ்வணிகத்துக்கு உவப்பானதாய் இருந்திருக்க முடியாது.

இலங்கையில் இக்கிருமி தென்னாசியாவின் பிற பகுதிகளைவிடக் குறைவாகவே பதிவாகியுள்ளது. ஆதலின் நம்மிடையே புண்ணின் காரணத்தைத் தேடுபவர் நோவுக் குளிசைகளையும் ஐயுறவேண்டும். அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக் முதலியன இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கின்றன. நமது தாயின் எரிவுக்கு மிளகாய்த்தூளும் புளிக்குழம்பும் பழி சுமக்கின்றன. குற்றவாளி முழங்காலுக்குப் போடும் குளிசையாயிருக்கலாம். அவர் அக்குளிசையை விட முடியுமாயின் அதுவே முதற் சிகிச்சை. விட முடியாதாயின் அதனைப் போடும் காலம் முழுதும் ஒமிப்பிரசோல் 20 காவலாக நிற்கும். சுருட்டுப் புகைத்தலும் புண் ஆறுவதைத் தாமதமாக்கும் என்பது தீவக மக்களுக்குச் சொல்லப்படவேண்டிய செய்தியாகும்.

‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதன் பொருள்

ஒமிப்பிரசோல் அமிலம் பட்டாற் சிதைந்துவிடும். ஆதலின் குடலில் மட்டும் கரையும் மேற்பூச்சு அதற்கு இடப்படுகிறது. கப்சூலினுள்ளேயுள்ள சிறுமணிகளை அரைத்தோ மென்றோ விழுங்கினால் அக்காப்பு அழியும். குடலில் உறிஞ்சப்பட்ட மருந்து குருதி வழியாக அமிலக் கலத்தை அடைந்து, இயங்கிக்கொண்டிருக்கும் பம்பியோடு பிரியாப் பிணைப்பை ஏற்படுத்துகிறது. உறங்கும் பம்பியை அது தொடுவதில்லை. பம்பிகளை எழுப்புவது உணவு. இரவு முழுதும் உண்ணாதிருந்தபின் வரும் காலையுணவே அவற்றை மிகுதியாக எழுப்புகிறது. மருந்தோ குருதியில் ஏறத்தாழ ஒருமணி நேரத்திற் பாதியாகக் குறைந்துவிடும். எனவே மருந்து குருதியில் நிற்கும் அக்குறுகிய வேளையும் பம்பிகள் விழித்தெழும் வேளையும் ஒன்றாதல் வேண்டும். உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் என்பதன் காரணம் இதுவே.

இனி நமது தாயின் கிளினிக் நாளை நோக்குவோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வெறுந் தேநீரோடு கப்சூலைப் போடுகிறார். பஸ்ஸுக்கு விரைகிறார். வரிசையில் நிற்கிறார். நண்பகல்வரை உண்பதில்லை. மருந்து வந்து போய்விட்டது. பம்பிகள் பின்னரே விழிக்கின்றன. ஒருபொழுது நாளிலும் அவ்வாறே. அன்று முதலுணவு நண்பகலாயின், அதற்கு அரைமணி நேரம் முன்னரே கப்சூலுக்கு உரிய வேளை. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி வருபவருக்கும் இது பொருந்தும். ‘காலையில்’ என்று எழுதுவதைவிட ‘முதலுணவுக்கு அரைமணி நேரம் முன்’ என்று எழுதுவது சரியான விதியாகும்.

மற்றொன்றும் உண்டு. ஒரு கப்சூல் எல்லாப் பம்பிகளையும் நிறுத்தாது. நாள்தோறும் எடுக்க, முழுப்பயன் மூன்று முதல் ஐந்து நாள்களிலேயே வரும். எரியும்போது ஒன்று போட்டுவிட்டுப் பயனில்லை என எறிபவர் மருந்தைச் சோதிக்கவே இல்லை. உடனடித் தணிவுக்கு அமிலநீக்கியே ஏற்றது. பமோற்றிடீன் உணவைச் சாராதது. இரவு அமிலத்துக்கு உகந்தது. ஆயின் தொடர்ந்து எடுத்தால் ஓரிரு கிழமைகளில் உடல் அதற்குப் பழகிப் பயன் குன்றும்.

நிறுத்துவதும் அளவின் பகுதியே

மருந்தைத் தொடங்கும் நாள் துண்டில் எழுதப்படுகிறது. முடிக்கும் நாள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நான்கு கிழமைக்கெனத் தொடங்கியது நான்கு ஆண்டாய் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட காலம் எடுப்பவரில் விற்றமின் பீ12, மகனீசியம் ஆகியன குறைதல், சில குடற்றொற்றுகள், எலும்பு முறிவு ஆகியவை சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன. இரும்புச்சத்தும் தைரொக்சின் குளிசையும் உறிஞ்சப்படுவது குறையலாம்.

திடீரென நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் குறைந்த காலத்தில் உடல் காஸ்திரினைக் கூட்டி, சுரக்கும் ஆற்றலை வளர்த்துவைத்திருக்கும். தடை நீங்கியதும் அமிலம் முன்னையினும் மிகுந்து பெருகும். டென்மார்க்கு ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வயிற்று நோய் எதுவுமில்லாத 120 தொண்டர்களுட் ஒரு பகுதியினருக்கு எட்டுக் கிழமை எசொமிப்பிரசோல் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களுள் 44 விழுக்காட்டினருக்கு அமில நோய்க்குறிகள் தோன்றின. வெறுங் குளிசை எடுத்தோரில் அது 15 விழுக்காடே. நிறுத்தியதும் எரிகிறது, ஆகவே வாழ்நாள் முழுதும் வேண்டும் என்று முடிவுசெய்பவர் மருந்தின் விளைவை நோயென மயங்குகிறார். நாற்பதை இருபதாக்கி, இருபதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் அமிலநீக்கியின் துணையோடு சில கிழமைகளில் விடுவது வைத்தியர் கையாளும் வழியாகும்.

ஆயின் எல்லோரும் நிறுத்தலாகாது. முன்பு புண்ணிற் குருதி பெருகியவர், இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுக்கும் முதியோர், களம் கடுமையாக அரிக்கப்பட்டவர் ஆகியோருக்கு இம்மருந்து நீண்டகாலக் காவலாகும். இருதய நோயாளர் குளொப்பிடோகிரல் எடுப்பின் ஒமிப்பிரசோல் அதன் பயனைக் குறைக்கும், பன்ரப்பிரசோலே தெரிவுசெய்யப்படும். ஈரல் நோயுள்ளவருக்கு ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராமை விஞ்சலாகாது. சிறுநீரக நோயுள்ளவருக்குப் பமோற்றிடீனின் அளவு குறைக்கப்படல் வேண்டும். சிமெற்றிடீன் வேறு மருந்துகளான வாபரின், தியோபிலின், பெனிற்றோயின் ஆகியவற்றைக் குருதியில் தேங்கச் செய்யும். அமிலநீக்கியை இரும்புக் குளிசையோடோ தெற்றாசைக்கிளினோடோ சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடல் வேண்டும். குழந்தைகளுக்கு நிறையைக் கொண்டே அளவு கணிக்கப்படும். பெரியவரின் கப்சூலைப் பாதியாக்கிக் கொடுத்தல் கூடாது.

எந்த அளவும் பொருந்தாத நிலைமைகளும் உள. மலம் தார்போற் கறுத்தல், குருதி வாந்தி, உணவு விழுங்கத் தடைப்படல், காரணமின்றி உடல் மெலிதல், குருதிச்சோகை, ஐம்பத்தைந்து வயதின்பின் புதிதாகத் தோன்றும் எரிவு ஆகியன உடனே வைத்தியரிடம் காட்டவேண்டியவை. வெற்றிலை புகையிலை மெல்லுவோரில் களப் புற்றுநோய் மிகுதி. அமிலம் குறைந்தால் அப்புற்றின் நோவும் சிறிது தணிந்து, இனங்காணுதல் பிந்திவிடலாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, நோவு தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அது ‘காஸ்ரிக்’ அன்று; மாரடைப்பாயிருக்கலாம். அந்நேரத்திற் குளிசை தேடி இழக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலையாகும். கடல் சூழ்ந்த ஊர்களில் வைத்தியசாலை தொலைவென்பதால் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது மேலும் இன்றியமையாதது.

மருந்தும் மக்களும் மொழியும்

இவ்விளக்கங்களை மக்களிடம் சேர்ப்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு நமது வரலாற்றிலேயே இரு விடைகள் உள்ளன.

ஒன்று, மருந்தின் பெயரைப் பற்றியது. பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்க ஆகியோரின் 1971ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த மருந்துப் பெயர்கள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர் நீங்கிப் பொதுப்பெயர் இடம்பெற வேண்டுமென்பது அக்கொள்கையின் உயிர்நாடி. பல்தேசியக் கம்பனிகளின் எதிர்ப்பை அக்கொள்கை எதிர்கொள்ள நேர்ந்தது. பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இலங்கையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறுவிய சட்டம் 2015ஆம் ஆண்டிலேயே வந்தது. பொதுப்பெயரின் பயன் விலைக் குறைவு மட்டுமன்று. நமது தாய் ஒரு கிளினிக்கில் ஒரு வணிகப் பெயரிலும், மருந்துக்கடையில் மற்றொரு வணிகப் பெயரிலும் ஒமிப்பிரசோலையே பெற்று இரண்டையும் விழுங்குவாராயின், இருபது நாற்பதாகிவிடும். பொதுப்பெயரை அறிந்தவருக்கு அத்தவறு நேராது. அளவை அறிவதற்கு முதற்படி பெயரை அறிவதாகும்.

மற்றொன்று, மொழியைப் பற்றியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அங்ஙனமிருக்க, இன்றும் துண்டில் ‘பீ.டீ.’, ‘மானே’, ‘நொக்ற்றே’ என்னும் இலத்தீன் வழிச் சுருக்கங்கள் வழங்குகின்றன. இருமுறை, காலை, இரவு என்ற எளிய சொற்களே அவற்றின் பொருளாகும். வைத்தியரும் மருந்தாளரும் தமக்குள் அவற்றைப் பயன்படுத்துவதில் தீங்கில்லை. நோயாளியின் உறைக்கு வருமிடத்து அவை தமிழாதல் வேண்டும்.

நமது வேண்டுகோள் பெரிதன்று. உறையின்மேல் ஐந்து செய்திகள் தமிழில் இருக்கட்டும்: மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், எவ்வுணவுக்கு எவ்வளவு நேரம் முன், எத்திகதி வரை, எந்நோய்க்காக. மருத்துவபீட மாணவரும் தமிழ்ச் சங்கத்தினரும் ஒருங்கு முயன்றால் இச்சிறு வாசகத்தை ஆக்கித் தீவகத்து வைத்தியசாலைகளுக்கு வழங்குதல் இயலும். உறை பேசாவிடத்து நோயாளி கேட்கட்டும். அவ்வைந்து வினாக்களையும் கேட்பது மரியாதைக் குறைவன்று என்பதை வைத்தியரும் ஏற்கட்டும்.

இருபது மில்லிகிராம் என்பது ஒரு பொருளின் நிறை மட்டுமே. முதலுணவுக்கு அரைமணி நேரம் முன், எட்டுக் கிழமை, புண் ஆறும்வரை என்பன சேரும்போதுதான் அது மருந்தாகிறது. அவ்வறிவு மருந்தறையின் யன்னலுக்கு உட்புறத்தில் மட்டும் தங்கிவிடாமல், வெளியே வரிசையில் நிற்பவரின் கைக்கும் சேர்தல் வேண்டும்.